விரல் தடுப்பு

காலை ஆறரைக்கே, புனே பக்கத்துத் தேஹு ரோடு தகரக் கொட்டகையில் ஏழு மெஷின்களும் இரைந்துகொண்டிருந்தன. டிசம்பர் குளிரில் இரும்பைத் தொட்டால் கை சுரீரென்றது. பவுன் நீளமான துணிப்பட்டியை இரண்டாக மடித்து, ரஜாய் என்ற பஞ்சுப் போர்வையின் ஓரத்தில் வைத்து ஓட்டினாள். முன்பக்கம் மெஷின் தையல். பிறகு பட்டியைப் பின்பக்கம் திருப்பிக் கைத்தையல். அப்படித் தைத்தால்தான் வருஷக்கணக்கில் துவைத்தாலும் ஓரம் பிரியாது. உயிரை வாங்குவது மூலைகள். பஞ்சும் துணியும் திரண்டு நிற்கும். விரலால் நெட்டித் தள்ள வேண்டும்.

விரலைக் காக்க ஊசிக்கு முன்னால் ஒரு கம்பி இருந்தது. மூலை அதில் இடித்து வேலை தாமதமாகிறதென்று முதலாளி பத்மநாபன் போன வாரம் எல்லா மெஷின்களிலும் அதைக் கழற்ற வைத்தார். ஹிஞ்சேவாடிக் கம்பெனி விடுதிக்கு நூறு ரஜாய், வெள்ளைப் பட்டியோடு, நாளை லாரி ஏறியாக வேண்டும்.

எட்டு மணிக்கு ஜமீலா அலறினாள். ஊசி அவள் ஆள்காட்டி விரல் நகத்தைத் துளைத்து, எலும்பில் முறிந்து நின்றது. பக்கத்து மெஷின் சுலோச்சனா அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

பத்மநாபன் பதறி ஓடிவந்தார். விரலுக்காக அல்ல, வெள்ளைப் பட்டியில் ரத்தம் பட்டுவிட்டதே என்று. இவரும் ஒரு மனுஷன்!

"பவுனு, அந்தப் பட்டியப் பிரிச்சிட்டு வேற வை. ஜமீலா மெஷின்ல நீ உக்காரு. அவ இனிமே வரவேணாம். கவனம் இல்லாதவ."

"கம்பிய மாட்டுங்க சார். உக்கார்றேன்."

"நாளைக்கு லாரி வருது, இப்பப் போயி கம்பியா? தமிழ் ஆளாச்சேன்னு உனக்கு வேலை குடுத்தேன். அவளுக்காக நீ ஏன் பேசுற?"

"பேசாம இருந்ததுனாலதான் சார் அவ வெரலு போச்சு."

கம்பியைக் கழற்றிய அன்று தானும் வாயை மூடிக்கொண்டு தைத்ததை நினைக்க, பவுனுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. மெஷினை நிறுத்தினாள். ரஜாயைத் தரையில் விரித்து, கையூசியில் நூல் கோத்து, பட்டியின் முன்பக்கத்தையே கையால் தைக்க ஆரம்பித்தாள்.

"என்னடி பண்ற?"

"தைக்கிறேன் சார். வேலைய ஒண்ணும் நிறுத்தலியே. கம்பி வந்து, ஜமீலாவும் திரும்பி வர்ற வரைக்கும் எல்லாமே கைத்தையல்தான்."

பஞ்சையும் துணியையும் சேர்த்துக் குத்தும் முன்பக்கமும் கையால் என்றால் ஒரு ரஜாய்க்கே ஒரு நாள் போய்விடும். அவர் முகம் கறுத்தது.

எதிர் மெஷின் மல்லிகா தன் வேலையை நிறுத்திவிட்டு வந்து பவுனுக்கு எதிரே உட்கார்ந்தாள். பிறகு மீதி மூன்று பேரும், மராட்டிப் பெண்கள், கையூசியோடு வந்து உட்கார்ந்தார்கள்.

"நாளைக்கே வேற ஆளுங்கள இட்டாருவேன்!"

"இட்டாங்க சார்," என்றாள் மல்லிகா. "நாங்க வாசல்லியே நின்னு ஜமீலாவுக்கு நடந்தத அவங்ககிட்ட சொல்றோம். அவங்களுக்கும் வெரலு பத்துதானே?"

பத்மநாபன் நின்றார், நடந்தார், மறுபடி நின்றார். ஐந்து ஊசிகளும் நிதானமாக ஏறி இறங்கின. அவசரமெல்லாம் இனி அவருக்குத்தான்.