நல்லதண்ணிக் கிணறு

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று விடுவதாயில்லை. எழுவைதீவுத் துறையில் படகு கட்டியது கட்டியபடி ஆடிக்கொண்டிருந்தது. ஊர்காவற்றுறை ஆசுபத்திரிக்குப் போவதென்றால் காற்று மனம் வைக்கவேண்டும். அப்படியொரு நாளில்தான் பிரியவதனியின் கைக்குழந்தை ஷாருஜனுக்கு வயிற்றோட்டம் பிடித்தது.

தர்சினி காலையிலேயே வந்துவிட்டாள். அண்மையில்தான் ஊர்காவற்றுறையில் சுகாதார வகுப்பு முடித்து, பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கெல்லாம் வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனி உப்புச்சர்க்கரைத் தூளைக் கரைக்கும் விதத்தைக் காட்டிக்கொடுத்திருந்தாள். வயிற்றோட்டம் பிடித்த பிள்ளையைக் கொல்வது உடம்பில் நீர் வற்றுவதுதான், போகிற நீரைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பிள்ளை பிழைத்துவிடும் என்று வகுப்பெடுத்த றஞ்சனி மிஸ் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள். அவள் நம்பாதது தன்னை மட்டும்தான். அதனால் கிணற்றில் தானே அள்ளி, கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஒரு லீற்றரைப் போத்தலால் இரண்டு தரம் அளந்து சரிபார்த்து, ஒரு பக்கற்றை முழுதாகக் கொட்டிக் கரைத்தாள்.

மத்தியானமாகியும் பிள்ளை தேறவில்லை. கோப்பையைக் கண்டதும் பாய்ந்து குடித்தான். குடித்துவிட்டு முன்னிலும் கூட அழுதான். நாக்கு உலர்ந்து கிடந்தது.

"உம்மடை தண்ணி குடிக்கக் குடிக்கத் தாகம் கூடுதேயொழியக் குறையேல்லை," என்றாள் பிரியவதனி. "இதை நிப்பாட்டுவமோ?"

"நிப்பாட்டக் கூடாது அக்கா."

"பிறகேன் பிள்ளை இப்பிடிக் கிடக்கிறான்?"

தர்சினி கோப்பையில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள். கண்ணீரை விட உப்புக் கரிக்கக்கூடாது என்பது வகுப்பில் சொன்ன கணக்கு. கரிக்கவில்லை. அப்படியானால் எங்கே பிழைவிட்டேன்? மனதுக்குள் முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கரைத்துப் பார்த்தாள்.

அப்போதுதான் பிரியவதனியின் தங்கை புருசன் பிரவீனன் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தான். அவன் கிளிநொச்சிக்காரன், முந்தநாள் வந்தவன், படகு ஓடாததால் திரும்பமுடியாமல் நிற்கிறான்.

"மச்சாள், சீனி இல்லாட்டிப் பரவாயில்லை. உப்பை ஏன் போட்டனீங்கள்?"

"உப்புப் போட எனக்கென்ன விசரோ? மழைத்தண்ணித் தாங்கி வத்திப்போச்சு. அது நல்லதண்ணிக் கிணத்துத் தண்ணி. அதைவிடத் திறமான கிணறு இஞ்சை இல்லை."

"இது நல்ல தண்ணியெண்டால், மற்றக் கிணறுகளிலை கருவாடு ஊறப்போடலாம்."

பிரியவதனி சிரிக்கவில்லை. தர்சினி ஜீவனிக் கோப்பையை அவனிடம் நீட்டினாள்.

"அண்ணை, இதிலை ஒரு சொட்டு வைச்சுப் பாருங்கோ."

அவன் உடனே வாசலுக்கு ஓடித் துப்பினான். "கடல்தண்ணியையோ அள்ளிக் கரைச்சனீர்?"

நல்ல தண்ணியில் கரையுங்கள் என்றுதான் வகுப்பில் சொன்னார்கள். அதையே அவள் வீடுவீடாகச் சொன்னாள். எழுவைதீவில் நல்லதண்ணி என்றால் கோயிலடிக் கிணறு. மற்றவற்றோடு பார்த்தால்தான் அது நல்லது. சோளகத்தில் அதுவும் உவர்க்கும். பிறந்ததிலிருந்து அதைக் குடித்த நாக்குக்கு அது தெரியாது. பக்கற்றிலிருந்த உப்போடு கிணற்றின் உப்பும் சேர்ந்துதான் பிள்ளையின் தாகத்தைக் கூட்டியிருந்தது.

றஞ்சனி மிஸ்ஸுக்குப் போன் எடுத்தாள்.

"அதை ஊத்திப்போட்டு, உவரில்லாத தண்ணியிலை புதுசாக் கரையும்," என்றார் மிஸ். "கரண்டி கரண்டியாக் குடும். தாய்ப்பாலை விடவேண்டாம். பிள்ளையைக் கொண்டுவரப் படகுக்கு நான் அலுவல் பாக்கிறன். சலம் போகுதோ எண்டு கவனியும், போனால் உடம்பிலை நீர் ஏறுது."

"மிஸ், பிழை நான்தான்..."

"அதைப் பிறகு பாப்பம். இப்ப தண்ணியைத் தேடும்."

தேடினாள். முதல் வீட்டில் இல்லை. அடுத்ததிலும் இல்லை. செல்லாச்சி அக்கா வீட்டுக் குசினியில் மூடிவைத்த குடமொன்று இருந்தது.

"அது தாங்கித் தண்ணிதான்," என்றாள் செல்லாச்சி. "கோயில் ஐயருக்குத் தேத்தண்ணி வைக்க எடுத்து வைச்சது."

"ஐயர் ஒருநாள் உவர்த்தண்ணி குடிச்சால் ஒண்டும் வராது அக்கா. பிள்ளைக்கு ஏலாது."

"கிணத்துத் தண்ணியிலை கரைக்கச் சொன்னது நீர்தானே?"

"ஓம். பிழையாச் சொல்லிப்போட்டன். இனிக் கிணத்துத் தண்ணியிலை கரைக்காதேங்கோ."

செல்லாச்சி அவளை ஒருமுறை பார்த்தாள். பிறகு குடத்தைத் தானே தூக்கி அவள் இடுப்பில் வைத்துவிட்டாள்.

இம்முறையும் கொதிக்கவைத்து ஆறவிட்டுக் கரைத்ததும் முதலில் பிரவீனனின் நாக்குக்குத்தான் போனது. அவன் தலையாட்டிய பிறகே பிள்ளையை மடியில் வாங்கினாள். ஒரு கரண்டி. பொறுத்து இன்னொரு கரண்டி. இடையில் சத்தியெடுத்தான், பிரியவதனி கோப்பையைப் பறிக்கக் கையை நீட்டினாள். "கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் குடுப்பம்," என்று தர்சினி கோப்பையை விடாமல் பிடித்துக்கொண்டாள். தன் குரல் உறுதியாக வந்தது அவளுக்கே புதிதாயிருந்தது.

வெயில் முற்றத்து வேலியைத் தாண்டிச் சாய்ந்தபோது மடி சூடாக நனைந்தது.

"அக்கா, சலம் போட்டான்."

பிரியவதனி குனிந்து அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சட்டையை மாத்தும்," என்றாள்.

"இருக்கட்டும். படகு வருமட்டும் குடுக்கோணும்." தர்சினி கரண்டியை நிரப்பினாள். "அண்ணை, நீங்கள் நாளைக்குப் போகாதேங்கோ. ஜீவனி பழக்கின வீடெல்லாம் என்னோடை வரோணும். எந்தத் தண்ணி உவர் எண்டு உங்கடை நாக்குத்தான் சொல்லோணும்."

"எல்லா வீட்டுத் தண்ணியையுமோ? எனக்கு ஒரு நல்ல தேத்தண்ணியாவது தருவீரோ?"

"தாங்கி நிரம்பட்டும்," என்றாள் தர்சினி.

ஷாருஜன் அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தான்.