ஹால்வர் நிரப்பிய கடைசித் தோட்டா

மார்ச் மாதத்தில் என் கணவர் ஹால்வர் இறந்தபோது, அவர் கையால் வெடிமருந்து நிரப்பிய தோட்டாக்களில் ஒன்றுதான் மிச்சமிருந்தது. சமையலறை ஜன்னலில், அவருடைய பைபிளுக்குப் பக்கத்தில் அதை நிறுத்தி வைத்தேன். காலையில் காபி கொதிக்கும்வரை உள்ளங்கையில் பொத்திக்கொள்வேன். குளிர்ந்த பித்தளை. அதில் அவர் இல்லை.

ஹாலண்ட் முன்னூறு மேக்னம் என்று அந்த வகைக்குப் பெயர். இங்கிலாந்தில் பிறந்தது, எங்கள் இருவரையும்விட மூத்தது. ஒரு காலத்தில் ஆயிரம் கஜப் போட்டியை ஜெயித்த தோட்டா. நீளமாக, மெல்ல ஒடுங்கும் உடம்பு. விரல் மரத்துப்போகும் மொன்டானா பனியிலும் துப்பாக்கிக்குள் வெண்ணெயாக வழுக்கி இறங்கும் என்பார். பிறகு குட்டையான புது மேக்னம் தோட்டாக்கள் கடைகளை நிரப்பின. இதை விடமுடியாதவர்கள் சுட்டபின் விழும் காலிப் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து வீட்டிலேயே நிரப்பிக்கொண்டார்கள்.

சுட்டுவிட்டு வரும் மாலைகளில் அவர் சட்டைக் கையில் எரிந்த மருந்தின் வாசனை இருக்கும். அடக்கம் முடிந்த மறுநாள், எனக்கு உதவியாக இருக்கட்டுமென்று என் மகள் எல்லாச் சட்டைகளையும் துவைத்துவிட்டாள். நல்ல பிள்ளை. ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான்.

வேட்டைக்காலத்தின் கடைசி ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்தபோது, பக்கத்துப் பண்ணை டெல் என் வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தான். மர ஆலை மூடியதிலிருந்து அவனுக்கு வேலையில்லை. வீட்டில் பிள்ளைகள்.

"எல்க் மான் கிடைச்சுதா?"

"ஓடைக்கு மேல ஒரு கூட்டம் நிக்குது. தோட்டா இல்ல. கடையிலயும் தீந்துபோச்சாம்."

"கடைசியா இருந்தத என்ன பண்ணின?"

"கோழிக்கூண்டுகிட்ட ஒரு கயோட்டி நரி வந்துச்சு..."

"பட்டுச்சா?"

"கூண்டுல பட்டுச்சு."

சிரித்துவிட்டேன். வெகுநாளைக்குப் பிறகு.

அவன் துப்பாக்கியும் முதலில் ஹாலண்ட்தான். வேகத்துக்கு ஆசைப்பட்டு, வெதர்பி என்ற வேறு வகைத் தோட்டா போடுவதற்காக அவன் அப்பா அதில் தோட்டா உட்காரும் அறையைக் குடைந்து அகலமாக்கினார். எங்கள் தோட்டா அதில் வெடிக்கும். ஆனால் பித்தளை உப்பி அந்த அறையின் வடிவத்துக்கு மாறிவிடும். அப்புறம் மறுபடி நிரப்பினாலும் ஹால்வரின் துப்பாக்கிக்குள் போகாது. டெல்லுக்கு இது தெரியும். ஜன்னலில் அது இருப்பதும் தெரியும். ஆனாலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேனோ என்னவோ.

உள்ளே போய் எடுத்து வந்து நீட்டினேன்.

"வேணாம் ஆர்லிஸ். அது அவர் கையால நிரப்பினது."

"சாப்பாட்டுக்காகத்தான் நிரப்பினாரு, டெல். ஜன்னல்ல நிக்கவைக்க இல்ல. உன் துப்பாக்கியில கொஞ்சம் வேகம் குறையும். கிட்டப் போய்ச் சுடு. கோழிக்கூண்டு எதிர்ல வந்தா விட்டுடு."

பொழுது சாயும்போது அவனுடைய டிரக் வந்து நின்றது. ரொட்டிப் பையில் எனக்கென்று ஈரல் கொண்டுவந்திருந்தான்.

"ஒரே வெடி. நின்ன இடத்துலயே சாஞ்சுடுச்சு." சட்டைப் பையிலிருந்து காலிக் கூட்டை எடுத்துத் தயங்கித் தயங்கிக் கொடுத்தான். "மன்னிச்சிடுங்க. உருவமே மாறிப்போச்சு."

கூட்டின் தோள் அகன்று, வளைந்து, யாரோபோல் இருந்தது.

"பிள்ளைங்க காத்திட்டிருக்கும். போ."

அவன் போனதும் ஜன்னலருகே உட்கார்ந்து கூட்டின் வாயை மூக்கருகே கொண்டுபோய் மூச்சை உள்ளே இழுத்தேன்.

எரிந்த மருந்து. அந்தச் சட்டைக் கை.

கர்த்தருக்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் அதற்கு மூச்சை வெளியே விடவேண்டுமே. இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.