அடைத்து வைத்த இனிப்பு

மல்லேஸ்வரத்து வீட்டு மொட்டைமாடியில் அனந்தபத்மநாபன் தேனீப் பெட்டி வைத்த நாளாய்க் கோமளத்துக்கு நிம்மதி போயிற்று. சர்க்கார் வேலையில் இருந்தவரை மனுஷன் ஊருக்கு உத்தரவு போட்டார். ரிடையர் ஆனதும் பெண்டாட்டிக்குப் போட ஆரம்பித்தார். வீட்டில் சர்க்கரையே கூடாதாம். வியாதி அவருக்கு, பத்தியம் இவளுக்கும் சேர்த்து! அப்படியும் அவருக்கு அளவு இறங்கினபாடில்லை. "எல்லாம் உன் சமையல்தான்," என்று பழியை இவள் தலையில் போட்டார்.

காபிக்கென்று கோமளம் ஒரு சின்ன டப்பா சர்க்கரையை உளுத்தம்பருப்பு டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தாள். அது மட்டும் மாட்டினால், அவர் வியாதிக்கே அவள்தான் காரணம் என்று பிள்ளைக்கு ஃபோன் பறக்கும்.

நவராத்திரிக்கு முன்னால் பெட்டியிலிருந்த தேனை ஒரு சொட்டு விடாமல் வழித்து, கொலுவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் பாட்டிலில் கொடுத்தார். கூடவே பிரசங்கம் வேறு.

"பூ இருக்கறச்சேயே சேர்த்து வச்சுக்கும், மாமி. றெக்கையால விசிறி, ஈரத்தை வத்த வச்சு, மெழுகால மூடி போட்டுடும். பஞ்சம் வந்தா, சும்மா உட்கார்ந்து திங்கற ஆண் தேனீயை வெளியில தள்ளிடும்!"

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பூவும் இல்லை, பெட்டியில் தேனும் இல்லை.

"பாவம், பட்டினி கிடக்கறதுகள். கொஞ்சம் சர்க்கரைப் பாகாவது வைங்கோளேன்," என்றாள் கோமளம்.

"வெள்ளைச் சர்க்கரை விஷம்!" என்று பாய்ந்தார்.

மழை விட்ட ஒரு மத்தியானம் தேனீக்கள் ஜன்னல் வழியே சமையலறைக்குள் வந்துவிட்டன. பின்னாலேயே அவரும் வந்தார். வந்தவை உளுந்து டின்னைச் சுற்றின. அவர் கண்ணும் கூடவே சுற்றியது.

"அதுல என்ன வச்சிருக்கே?"

நல்லவேளை, டப்பா மூடிமேல் அவள் டேப் சுற்றியிருந்தாள். வாசனை வெளியே வரவில்லை. தேனீக்கள் டின்னை விட்டு, கூடத்தைத் தாண்டி, நேரே அவர் அறைக்குள் போய்ப் புத்தக அலமாரியை மொய்த்தன.

அவர் முகம் செத்துவிட்டது. "கிட்டப் போகாதேடி, கொட்டிடும்!"

போனாள். பழைய அரசாணைத் தொகுப்புகளுக்குப் பின்னால், பாகு சொட்டச் சொட்ட ஜாங்கிரிப் பெட்டி. பாதி காலி. அவசரக்குடுக்கை, மூடக்கூட இல்லை.

இத்தனை வருஷம் சர்க்கரை இல்லாத காபிக்கும் பேச்சுக்கும் சேர்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தவில்லை. உளுந்து டின்னிலிருந்து டப்பாவை அவர் பார்க்கவே எடுத்தாள். தேனீக்களுக்குப் பாகு கரைத்து மாடியில் வைத்தாள். தனக்குக் காபி கலந்து, சர்க்கரையைத் தாராளமாய்ப் போட்டு, அவர் எதிரிலேயே உட்கார்ந்து ரசித்துக் குடித்தாள்.

"ஏன்னா, பஞ்சம் வந்தா அந்த ஆண் தேனீயை என்ன பண்ணும்னு சொன்னேள்?"

அவர் வாசலைப் பார்த்தார். வெளியே மறுபடி மழை பிடித்திருந்தது.