இனி நடக்காது, அன்புள்ள விருந்தினரே

லாட்ஜ்காரன் சட்டைப்பையில் போன் மணி அடித்ததும் மாடிப்படி துடைத்துக்கொண்டிருந்த அவன் தம்பியின் கை தானாக நின்றுவிட்டது. வரவேற்பு மேசையில் இருந்த அண்ணி, லாட்ஜ்காரன் பெண்டாட்டி, கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். லாட்ஜின் இணையப் பக்கத்தில் யாராவது விமர்சனம் போட்டாலோ, இவள் அதற்குப் பதில் போட்டாலோ அடிக்கிற மணி அது. ஐந்து ஸ்டார் விழுந்தால் மனுஷனுக்கு வாயெல்லாம் பல், எல்லோருக்கும் டீ. ஒன்று விழுந்தால் தம்பி தொலைந்தான். குழாய் சொட்டினாலும் அவன்தான், வைஃபை படுத்தாலும் அவன்தான், பக்கத்துக் கட்டடத்தில் நாய் குரைத்தாலும் அவன்தான். நாற்பது வயது ஆம்பிளை, முதுகைப் பார்க்க முடியாது!

அடி முடிந்ததும் பதில் எழுதுவது அவள் வேலை. 'அன்புள்ள விருந்தினரே, வருந்துகிறோம். இனி நடக்காது.' ஆறு வருஷமாக அதே வரிதான். எவ்வளவு பதவிசாக எழுதுகிறாள் என்று புருஷன் மெச்சிக்கொள்வான். பாழாய்ப்போன மெச்சல்.

இன்றைக்கு விழுந்தது ஒன்று. அவன் சத்தமாகப் படித்தான். "அறை படு சுத்தம். ஆனால் காலையில் கீழே யாரையோ போட்டு அடிக்கும் சத்தம். ஒருத்தர் கூடத் தடுக்கவில்லை."

போனைப் பையில் போட்டுவிட்டுப் படியருகே போனான். "நீ கத்தினதாலதானடா வெளிய கேட்டுச்சு?"

"இனிமே கத்த மாட்டேண்ணே."

மாப்புக் கட்டையைப் பிடுங்கி ஒரே போடு. தோளில் விழுந்தது. அடுத்ததைத் தடுக்க நீட்டிய கையில் எலும்பு முறிந்தது மேசைவரை கேட்டது. அந்த அப்பாவி சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். கடித்த உதட்டிலிருந்து ரத்தம் வந்ததே தவிர, சத்தம் வரவில்லை. ஐயோ, கத்தித் தொலையேன் என்று அவளுக்கு நெஞ்சு பதறியது. இப்படியே போனால் இவன் இன்றைக்குச் செத்துவிடுவான், மாடியில் இருப்பவர்களுக்குக்கூடத் தெரியாது.

"என்னடி வேடிக்கை? டிவி சத்தம்னு எழுது!"

பழக்கதோஷத்தில் விரல்கள் 'வருந்துகிறோம்' வரை தாமாக ஓடின. பின்னால் கட்டை கண்மண் தெரியாமல் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் மேற்கொண்டு தட்டினாள். 'அது டிவி இல்லை. அடித்தவர் என் புருஷன். அடிபட்டவர் அவர் கூடப்பிறந்த தம்பி. தடுக்காமல் நின்றவள் நான். இனி நடக்காது.'

லாட்ஜின் பெயரிலேயே அனுப்பினாள். எழுந்து போய் ஓங்கியிருந்த கட்டையின் மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

சட்டைப்பையில் மணி அடித்தது.

கீழே கிடந்தவன் வீங்காத ஒற்றைக் கண்ணைத் திறந்தான். "எத்தனை ஸ்டார் அண்ணி?"

புருஷன் ஒரு கையைக் கட்டையிலிருந்து எடுத்துப் போனைத் திறந்தான். கட்டைவிரலில் ஒட்டியிருந்த ரத்தம் திரையில் இழுகி எழுத்து மறைந்தது. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தான். அவள் பிடியை விடவில்லை.