அடிக்கல் படித்துறை

அந்தத் தொகுதியில் ஆற்றுக்குப் பாலம் வரவில்லை. பாலத்துக்கான அடிக்கல் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. தேர்தலில் எவன் ஜெயித்தாலும் முதல் வேலையாகக் கரையில் ஒரு கல் நடுவான். அடுத்த தேர்தலில் அவனைத் தோற்கடித்தவன், தோற்றவன் பெயர் கண்ணில் படக் கூடாது என்று அதைப் பிடுங்கச் சொல்லிவிட்டுத் தன் கல்லை நடுவான். நடுவதற்கும் கொத்தனாரைத்தான் கூப்பிட்டார்கள், பிடுங்குவதற்கும் அவரைத்தான்.

பிடுங்கியதை ஆற்றில் போடு என்பார்கள். இழைத்து மெருகேற்றிய கருங்கல்லைத் தண்ணீரில் போட எந்தக் கொத்தனாருக்கு மனசு வரும்? ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு போய்ச் சரிவில் படியாகப் பதித்தார். மெருகு போட்ட பக்கம் ஈரத்தில் வழுக்கும் என்பதால் பெயர் மண்ணுக்குள் போயிற்று, கொத்திவிட்ட முதுகு மேலே வந்தது. இப்படித்தான் அவர் மனைவிக்குத் துவைக்க ஒரு படித்துறை அமைந்தது.

அவளை ஊரில் ஆஸ்பத்திரியக்கா என்பார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுப்பவள். படி இல்லாத காலத்தில் முழங்கால் சேற்றில் நின்றுதான் துவைத்தாள். அலசி எடுக்கும்போது பாதி விரிப்பு மறுபடி சேறாகும். இப்போது ஸ்டோர் கிளார்க் வேறு ஒரு பாட்டு படித்துக்கொண்டிருந்தான். டவுனில் மிஷின் வந்துவிட்டதாம், பளிச்சென்று வெளுக்கிறதாம். ஒரு தரம் கறையோடு விரிப்பு வந்தால் போதும், அவன் மூட்டையை டவுனுக்கு அனுப்பிவிடுவான். படி இருக்கும்வரைதான் அவளுக்கு வேலை.

அன்று காலை அவள் மூட்டையைப் பிரிக்கும்போது அவள் தம்பி கடப்பாரைகளோடு நாலைந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தான். கட்சியில் கிளைச் செயலாளர். ஊருக்கு அவன் மைக்கு. ரகசியம் சொன்னாலும் அக்கரைக்குக் கேட்கும்.

"அக்கா, கொஞ்சம் மேல ஏறிக்க."

"ஏன்டா, ஆத்தையும் உங்க கட்சியில சேத்துட்டீங்களா?"

"வெளையாடாதக்கா. நாளைக்குச் சின்ன முதலாளி கல்லு நடுறாரு. பக்கத்துலயே அவங்க அப்பா நட்ட பழைய கல்லையும் வெக்கணுமாம். அப்பா தொடங்கினார், மகன் முடிப்பார்னு பேனரே அடிச்சாச்சு."

சின்ன முதலாளியின் அப்பா பஸ் முதலாளி. பதவியில் இருக்கும்போதே கண்ணை மூடினார். அழுத முகத்தோடு மகன் இடைத்தேர்தலில் நின்றான். அழுத முகத்துக்கு ஓட்டுப் போடுவதில் இந்தத் தொகுதியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"அவரு கல்லு இங்கதான் எங்கயோ கெடக்கு. எது மச்சான்?" என்று மைக்கு கொத்தனாரைக் கேட்டான்.

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "எனக்கென்னப்பா தெரியும்? முதுகு எல்லாம் ஒண்ணாத்தான இருக்கு."

"அப்ப எல்லாத்தையும் புரட்டு!"

"புரட்டினா நான் எங்கடா துவைப்பேன்? மத்தியானம் விரிப்பு போய்ச் சேரணும்!"

அவள் கத்தியது மைக்கு காதில் ஏறவில்லை. மேல்படியில் கடப்பாரை இறங்கிவிட்டது.

முதல் கல் மல்லாந்தது. மண்ணைத் துடைத்ததும் மில் முதலாளியின் பெயர் புத்தம் புதிதாகச் சிரித்தது. தொகுதி பிறந்ததும் முதலில் ஜெயித்தவர். ஓட்டுப் போடாதவனுக்கு மில்லில் வேலை கிடையாது என்றார். எல்லோரும் போட்டார்கள். அப்புறம் மில்லையே மூடிவிட்டார்.

அடுத்தது வக்கீல். மில்காரர் நட்ட இடமே தப்பு என்று வழக்குப் போட்டு, அந்த வழக்கைக் காட்டியே ஜெயித்தவர். பத்தடி தள்ளித் தன் கல்லை நட்டார். அவர் போட்ட வழக்கு அவர் கல்லையும் சேர்த்து முடக்கியது. கடைசிவரை இரண்டு பக்கமும் அவரே வாதாடினார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

மூன்றாவது மறுபடியும் மில் முதலாளி. கொடி மட்டும் வேறு. முன்பு அவரைத் திருடன் என்று ஏசிய அதே ஜனம் அவரைத் தோளில் தூக்கியது. நாலாவது ஒரு டாக்டர். கார்க் கண்ணாடியை இறக்காமலே ஓட்டுக் கேட்டு, இறக்காமலே நன்றி சொல்லிவிட்டுப் போனவர். அந்த ஆளின் முகத்தைத் தொகுதி போஸ்டரில்தான் பார்த்தது.

"உங்க வம்சாவளி போதும். கடைசிக் கல்லப் பாரு" என்றாள் அவள். கடைசியாகப் பதித்த, தண்ணீரை ஒட்டிய கல் அது. நல்ல அகலம். அதில்தான் அவள் நாள் முழுக்க நிற்பாள்.

அது பஸ் முதலாளியுடையதுதான். மலையைச் சுற்றிக்கொண்டு அக்கரை போகிற வண்டிகள் எல்லாம் அவருடையவை. பாலம் வந்தால் அந்த டிக்கெட்டை எவன் வாங்குவான்? பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. தெரிந்தும் அவர் விட்ட இலவச பஸ்ஸில் ஏறிப் போய் அவருக்கே குத்தினார்கள். அவளும் அந்த பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்து போனவள்தான். அதை நினைத்தால் அவளுக்கே தன் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கும்.

மைக்கு துடைத்துக்கொண்டே வந்தவன் மேல் வரியில் நின்றுவிட்டான். பெயருக்கு மேலே பூட்டுச் சின்னம். பூட்டுக்குக் கீழே பூட்டுக் கட்சித் தலைவரின் பெயர், ஆசியுடன் என்று. பஸ் முதலாளி முதல் தடவை ஜெயித்தது பூட்டில். பிறகு கட்சி மாறி மறுபடி ஜெயித்ததும் அந்தக் கல்லைத் தானே பிடுங்கச் சொன்னார், புதுக்கல் நடுவதற்குள் கண்ணை மூடிவிட்டார். இப்போது மகன் மேடைக்கு மேடை திட்டுவது அந்தப் பூட்டைத்தான்.

"என்னடா வாய் அடைச்சுப் போச்சு? அந்தப் பூட்டுக்கும் நீதான மைக்கு புடிச்ச?"

"அக்கா, மெதுவா பேசு."

"நீ மெதுவா பேசச் சொல்றியா? ஆறு கேட்டா சிரிக்கும்."

மைக்கு கொத்தனாரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். "மச்சான், மேல் ரெண்டு வரியையும் கொத்தி எடுத்துருங்க. பேரு மட்டும் நின்னா போதும்."

கொத்தனார் கல்லைத் தடவிப் பார்த்தார். மனிதருக்கு மாலைக்குள் முடியுமா என்பது ஒன்றுதான் யோசனை. "கொத்திரலாம். கொஞ்சம் பள்ளமாத் தெரியும்" என்று உளிப்பையைத் தேடினார்.

பை அவள் கையில் இருந்தது. உளியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அந்தக் கல்லின்மேல் ஏறி நின்றாள்.

"ஏய், என்ன பண்ற?" என்றார் கொத்தனார்.

"நீங்க சும்மா இருங்க. நடுன்னா நட்டீங்க, புடுங்குன்னா புடுங்கினீங்க, இப்ப தலைய வெட்டுன்னா அதுக்கும் கெளம்பிட்டீங்க. டேய் தம்பி, புரட்டின கல்ல எல்லாம் முதல்ல பழையபடி பதி. ஆடாம இருக்கணும்."

"சரிக்கா. பதிக்கிறோம். இந்த ஒண்ண மட்டும் குடு."

"இதக் குடுத்தா இந்த எடத்துல நான் சேத்துலயா நிக்கிறது? நாளைக்கு நடப்போற கல்லு இங்க வரணும்."

மைக்கு சுற்றும் முற்றும் பார்த்தான். "நாளைக்கு நடுற கல்லையா? அது அடுத்த தேர்தல் வரைக்கும் நிக்கணும்க்கா!"

"எதுக்கு? நின்னு என்ன பண்ணப் போகுது? எப்பிடியும் இங்கதான் வரப்போகுது, சீக்கிரம் வரட்டும். இல்லேன்னா நாளைக்குக் கூட்டத்துல நான் பேசுறேன். எனக்கு மைக்கு வேணாம்."

அதை அவன் நம்பினான். கூடப் பிறந்தவன் அல்லவா.

மறுநாள் கரை முழுக்க நாற்காலி. சின்ன முதலாளி செருப்பில் மண் படாமலிருக்கக் கம்பளம் விரித்திருந்தார்கள். புதுக்கல்லின் திரையை விலக்கினான். பிறகு மேல்பக்கம் குழிவிழுந்த அப்பாவின் கல்லைக் கட்டிப்பிடித்தான்.

"பாருங்கள்! மழையும் வெயிலும் எழுத்துகளை அரித்துவிட்டன. என் தந்தையின் பெயரை அவற்றால் அசைக்க முடிந்ததா?"

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போயிற்று. பின்வரிசையில் கொத்தனாரும் தட்டினார். உளி விழுந்த இடத்தில் ஒரு கீறல் தெரியவில்லை என்ற பெருமை அவருக்கு. மனைவி அவர் கையை ஒரு தட்டுத் தட்டி இறக்கினாள்.

போட்டோ எடுத்து முடிந்ததும் கார்கள் கிளம்பின. நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே கொத்தனார் மைக்கின் தோளைத் தொட்டார்.

"இப்பவே எடுத்துரலாம்ப்பா. சிமெண்ட் இறுகிப்போச்சுன்னா ஓரம் ஒடையும்."

"யாராவது கேட்டா?"

"நீதான சொல்லணும். உன் தலைவரு திரும்பி வருவாரா?"

மைக்கு யோசித்தான். ரொம்ப நேரம் யோசிக்க அதில் ஒன்றும் இல்லை. "போட்டோ எடுத்தாச்சு. இனிமே இந்தப் பக்கம் எதுக்கு வர்றாரு?" என்று சட்டையைக் கழற்றினான்.

ஆட்கள் புதுக்கல்லை உருட்டிக்கொண்டு வந்து தண்ணீரோரம் கவிழ்த்தார்கள். சின்ன முதலாளியின் பெயர் சேற்றில் அமுங்கியபோது மைக்கு முகம் சுளித்தான்.

"அக்கா, பேரு மண்ணுல படுதே. மேல் பக்கமா வெச்சுக்கக் கூடாதா?"

"வழுக்கும்டா. நான் விழுந்தா உன் சின்ன முதலாளியா வந்து தூக்குவாரு?"

அவள் ஏறி நின்று இரண்டு காலாலும் அழுத்தினாள். கல் ஒரு பக்கமாக ஆடியது.

"பாத்தியா, இன்னிக்கு வந்ததுகூட நேரா நிக்கல. குனி. வலப்பக்கம் சில்லு வெச்சு இறுக்கு."

கிளைச் செயலாளர் தண்ணீரில் மண்டியிட்டுக் கல்லுக்கடியில் கையை விட்டான். அவள் அதற்குள் முதல் விரிப்பை நனைத்து ஓங்கிவிட்டாள்.

"மெதுவாக்கா, மூஞ்சில தெறிக்குது!"

"தள்ளிக்க" என்றாள். ஓங்கிய கை நிற்கவில்லை.