புது பெல்ட்

கம்பி கட்டுகிறவர் மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்ததும், கீழே கலவை போட்டுக்கொண்டிருந்த அவருடைய மச்சினன் ஓடிவந்தான். பிழைப்புக்காக இருவரும் ஒன்றாகக் கடல் தாண்டி வந்தவர்கள். உயிர் இருந்தது. இடது கால் பார்க்கச் சகிக்காமல் திரும்பிக் கிடந்தது.

சூப்பர்வைசரும் ஓடிவந்தார். கையில் உறை பிரிக்காத பாதுகாப்பு பெல்ட். வந்த நாளிலிருந்து இவர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன சாமான்.

"ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள மாட்டிவிடு. ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

"அசைச்சா மாமா வலியிலயே செத்துடுவாரு சார்!"

"இடுப்பை லேசா தூக்கினா போதும்ப்பா."

அவரே குனிந்து பெல்ட்டை நுழைத்தார். மாமா அலறினார். சூப்பர்வைசரோ தன் சட்டையில் ரத்தம் படாமல் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்த மச்சினன் பெல்ட்டைப் பிடுங்கிக் கலவைக்குள் எறிந்தான்.

"நாளைலேர்ந்து நீ வேலைக்கு வராதே."

"உங்க மூஞ்சியில முழிக்கறதுக்குப் பட்டினி கெடக்கலாம் சார்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது நடந்ததை அப்படியே சொன்னான். கால் பிழைத்தது. மறுநாள் சூப்பர்வைசர் ஆப்பிள் பையோடு வந்து, "விசாரிக்க வந்தா பெல்ட் போட்டிருந்தேன்னு மட்டும் சொல்லிடுப்பா" என்று குழைந்தார். கம்பி கட்டுகிறவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.