பிரியாத ஒட்டு

ஜெனிற்றா ஒட்டிய இரும்பை எவராலும் பிரிக்க முடியாது என்பது குருநகரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நோர்வேயில் அவளுக்கு வேலை கிடைப்பதற்கு அதுவே இடைஞ்சலாகும் என்பதுதான் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இறங்குதுறைக்குப் பக்கத்தில் சிமியோன் நடத்திய வெல்டிங் பட்டறையில் அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம், ஒரு படகு பாறையில் மோதிச் சிதறியது. பலகைகள் எல்லாம் கரையொதுங்கின. அவள் ஒட்டிக் கொடுத்திருந்த இயந்திரத் தாங்கி மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் மண்ணில் நிமிர்ந்து நின்றது. அதன்பிறகு அவளிடம் வேலை கொடுப்பவர்கள் இரண்டு தரம் யோசித்துத்தான் கொடுத்தார்கள். ஏனென்றால் பிழையாகப் பொருத்தி ஒட்டினால் அது அப்படியேதான். முருகேசு வீட்டு யன்னல் கம்பிக்கதவு அவசரத்தில் அரைவாசி திறந்தபடி ஒட்டுப்பட்டு, எந்த வாளாலும் அறுக்க முடியாமல், அந்தக் குடும்பம் மாரிமழையில் யன்னலோரம் பாத்திரம் வைக்கப் பழகிக்கொண்டது.

நோர்வேயில் கப்பல் கட்டும் நிறுவனம் ஒன்று ஒட்டுவேலைக்கு ஆள் தேடுவதைப் பட்டறைக் கைபேசியில் பார்த்தவள் ஜெனிற்றாதான். வீடியோவில் பேசிய நோர்வேக்காரி, படகுகளையும் அவளுடைய கைகளையும் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு சோதனை மட்டும் மிச்சம் என்றாள். அன்று பின்னேரமே தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. தாய் சின்னத்தங்கம் மீன் விற்ற கையோடு யாழ்ப்பாணச் சந்தைக்குப் போய்க் கம்பளித் தொப்பி ஒன்று வாங்கி வந்தாள். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக் கண்ணாடி பார்த்த ஜெனிற்றாவுக்கு வியர்த்துக் கொட்டியது, சிரிப்பும் வந்தது, இரவு நித்திரை மட்டும் வரவில்லை.

சோதனைக்காகக் கொழும்பிலிருந்து வந்த கேதீஸ்வரன் பொறுமையான மனிதர். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு பயிற்சி நிலையத்தில் இரண்டு தகடுகளை அவளிடம் கொடுத்தார். ஒட்டிய தகட்டை வெட்டி, உள்ளே காற்றுக்குமிழோ கசடோ இல்லையென்று கண்ணால் பார்த்த பிறகே சான்றிதழ் கொடுக்கலாம் என்பது விதி. அவள் ஒட்டினாள். அவர் வெட்டினார். வாளின் பற்கள் குறுணி அரிசி போல உதிர்ந்தன. இரண்டாவது வாள் புகைந்தது. வளைக்கும் இயந்திரத்தில் வைத்தபோது தகடு நேராகவே இருந்தது, இயந்திரம் வளைந்தது.

“பிள்ளை, உம்மடை ஒட்டு நல்லம்,” என்றார் கேதீஸ்வரன், நெற்றியைத் துடைத்தபடி. “ஆனால் உள்ளுக்கை பாக்காமல் நல்லம் எண்டு நான் எப்பிடி எழுதுறது? நாளைக்கு மத்தியானம் நான் பஸ் ஏறோணும். அதுக்குள்ளை வெட்டக்கூடிய மாதிரி ஒண்டு ஒட்டித் தாரும்.”

பட்டறைக்கு ஓடிவந்து பழுதாக ஒட்டப் பார்த்தாள். கையை நடுங்கவிட்டாள், கண்ணை மூடிக்கொண்டு ஒட்டினாள், துருவைத் துடைக்காமலே ஒட்டினாள். சிமியோன் பெரிய சம்மட்டியால் அடித்து, சம்மட்டியின் பிடி முறிந்ததும் நிலத்தில் குந்திவிட்டார்.

“பழுதாச் செய்ய உனக்கு ஏலாது பிள்ளை.”

“அப்ப நான் போகவே ஏலாதா அண்ணை?” என்று கேட்டபோதுதான் அவளுக்கு முதன்முதலாக அழுகை வந்தது.

மறுநாள் காலை வேறு வழியில்லாமல் பயிற்சி நிலையத்தில் பழைய தகட்டின் முன்னாலேயே போய் நின்றாள். கேதீஸ்வரன் பையை அடுக்கிக்கொண்டிருந்தார். இதுவரை எத்தனையோ இரும்பைப் பிடி, பிடி என்று மனதுக்குள் சொல்லி ஒட்டியிருக்கிறாள். ஒன்றையும் விடு என்று கேட்டதில்லை. கேட்க வேண்டி வந்ததுமில்லை. கையுறையைக் கழற்றி ஒட்டின் மேல் விரலை வைத்தாள்.

“விடன். ஒருக்கா விடன். நான் கப்பல் கட்டப் போகோணும்.”

மீன் வயிறு பிளப்பதுபோலத் தகடு மெல்லப் பிளந்தது. உள்ளே சிப்பியின் உட்புறம் போல மினுங்கியது. கேதீஸ்வரன் கண்ணாடியை மாட்டி, பூதக்கண்ணாடியும் பிடித்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

“ஓம், சரி,” என்றார். சான்றிதழில் வெட்டிய முறை என்ற இடத்தில் ‘கேட்டு’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். ஜெனிற்றா வாசலில் நின்ற முச்சக்கரவண்டிக்காரரிடம், “அண்ணை, சரிவந்திட்டுது!” என்று கத்தினாள். அந்த மனிதர் இவள் யாரென்றே தெரியாமல் ஹோர்ன் அடித்துக் கொண்டாடினார்.

புறப்படுவதற்கு முன் முருகேசு வீட்டுக்குப் போய், யன்னலை விடச்சொல்லிக் கேட்கவா என்றாள். “வேண்டாம் பிள்ளை, காத்து நல்லா வருது,” என்றார் அவர்.

மார்கழியில் நோர்வேயில் அவள் இறங்கியபோது மதியமும் மங்கலாக இருந்தது, மூச்சு வெள்ளையாகப் போனது. முதல்நாளே மேற்பார்வைக்காரி அவளை ஒரு கப்பலின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். இரண்டு பாதிகளாகக் கிடந்த கப்பல்; ஒவ்வொரு பாதியும் கோவில் மணிக்கூண்டை விட உயரம். இடையில் ஒரு லொறி போகலாம். இவ்வளவு பெரிய இரும்பை ஜெனிற்றா கனவிலும் தொட்டதில்லை. எங்கே தொடங்கப் போகிறாய் என்று மேற்பார்வைக்காரி கேட்டாள். ஜெனிற்றா முகமூடியை இறக்கி, முன்பாதியின் விளிம்பில் முதல் பொறியை வைத்தாள். பின்பாதி மெல்ல முனகிக்கொண்டு, தானே ஊர்ந்துவந்து பக்கத்தில் சேர்ந்து நின்றது. அதை இழுப்பதற்காக மேலே காத்திருந்த கிரேன்காரர் எட்டிப் பார்த்தார், தன் வேலை முடிந்துவிட்டது என்று கண்டார், இறங்கிக் கோப்பி குடிக்கப் போனார்.